எந்த வாய்? ஒரு செல் வரிசை குறித்த நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் இரண்டரை ஆண்டுகளாக வாய்ப் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவற்றின்மேல் ஒரு செடியின் சாற்றைச் சோதித்துவந்தார். மூன்றாம் ஆண்டின் நடுவில், அந்தச் செல்கள் வாயிலிருந்து வந்தவையே அல்ல, கருப்பை வாயிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். தமிழில் இரண்டுக்குமே 'வாய்' என்று பெயர் இருப்பதால் யாரோ மொழிபெயர்ப்பில் கோட்டைவிட்டிருப்பார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். உண்மையில் அது எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஆய்வகங்களில் நேர்ந்த கலப்படம். உறைந்த குப்பிகளில் கைமாறிக் கைமாறித் தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஆய்வுத் தலைப்புக்குக் கையெழுத்திட்ட குழுவில் நானும் ஒருவன். ஆகவே வெளியில் நின்று குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மாணவியின் சம்மதத்தோடு, ஆட்களின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். செடியின் பெயரையும் விட்டிருக்கிறேன். எழுதினால் நாளை மறுநாளே யாராவது அதை அரைத்துக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நோயாளி

இந்த வகை ஆய்வுகளைச் செல்லிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் நோயாளியிலிருந்து தொடங்குகிறேன்.

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர். அறுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலியில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனால் வெற்றிலையோடு புகையிலைத் துண்டு ஒன்றைக் கிள்ளி இடது கடைவாயில் அடக்கிக்கொள்வார். அன்றைய கணக்கு முடியும்வரை அது அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். புற்று வந்ததும் அதே இடத்தில்தான், ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில். முதலில் ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு குழம்பின் காரம் பட்டால் எரிச்சல். பிறகு ஆறாத புண். கடைசியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறக்கவில்லை. சூட்டினால் வந்த வாய்ப்புண் என்று நினைத்து ஏழெட்டு மாதம் மணத்தக்காளிக் கீரை தின்றுகொண்டிருந்தார்.

மேலைநாடுகளில் வாயின் உட்புறப் புற்று என்றால் நாக்கும் அதன் கீழுள்ள வாய்த்தளமும் முன்னால் வரும். நம் நாட்டில் கன்னமும் ஈறும் பெரும்பங்கு எடுத்துக்கொள்கின்றன. மெல்லும் புகையிலையும் பாக்கும் ஒதுங்கும் இடம் அதுதான். பன்னாட்டுப் புற்று மரபணுக் கூட்டமைப்பில் பங்கெடுத்த இந்திய ஆய்வாளர்கள் 2013இல் இந்தக் கன்னம்-ஈறு புற்றின் மரபணுப் படத்தை வெளியிட்டார்கள். பி53, ஃபேட்1, காஸ்பேஸ்8, எச்-ராஸ், நாட்ச்1 போன்ற மரபணுக்களில் சடுதிமாற்றங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. மற்றவற்றை மறந்தாலும் பி53 என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவியின் ஆய்வு கவிழ்ந்தது அதில்தான்.

குப்பி

ஆய்வகத்துக்கு வந்த குப்பியின்மேல் 'கே.பி. – வாய்' என்று எழுதியிருந்தது. செல் வரிசை, ஆய்வகப் பேச்சில் செல் லைன், என்பது ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் உடலுக்கு வெளியே, பிளாஸ்டிக் குடுவைக்குள், முடிவில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும் ஒரு வம்சம். இன்குபேட்டரில் 37 பாகை வெப்பம், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, கன்றுக்கரு ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்த சிவப்பு நிற ஊட்டத் திரவம். குடுவை நிரம்பியதும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றி, ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்து அடுத்த குடுவைக்கு மாற்றுவார்கள். அப்படி ஒவ்வொரு முறை மாற்றுவதும் ஒரு பாசேஜ்.

கே.பி. வரிசையை 1950களின் நடுவில் அமெரிக்காவில் ஹாரி ஈகிள் வளர்த்தெடுத்து அறிவித்தார். வாயில் வந்த புற்று என்பதே அதன் மூலக் குறிப்பு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1951இல், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயதுப் பெண்ணின் கருப்பை வாயிலிருந்து எடுத்த சதை ஜார்ஜ் கை என்ற ஆய்வாளரின் ஆய்வகத்துக்குப் போனது. ஐந்து குழந்தைகளின் தாய். வர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணையில் வளர்ந்தவர். (புகையிலை இந்தக் கதையில் இரண்டாவது முறை வருவது தற்செயல்; அவருடைய புற்றின் மூலம் பாப்பிலோமா வைரஸ்.) அவர் அந்த ஆண்டு அக்டோபரிலேயே இறந்துபோனார். அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்ட செல்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவின.

ஹீலா மிக வேகமாகப் பெருகும். ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும். ஒரே பிப்பெட்டை இரண்டு குடுவைகளுக்குப் பயன்படுத்தினால் போதும், ஒரு துளி போதும். மெதுவாக வளரும் செல்களுக்கு நடுவே ஹீலா நுழைந்து, சில வாரங்களில் வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டுத் தானே குடியிருக்கும். பெயர்ப்பலகை மட்டும் பழையதாகவே இருக்கும். 1966இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு மாநாட்டில் எழுந்து, வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் வரிசைகளிலும் ஒரே நொதி வகை இருக்கிறது என்றார். அந்த நொதி வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. செல் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர் வெள்ளையர்கள். அறையில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வால்டர் நெல்சன்-ரீஸ் குரோமோசோம் அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பெயர் சொல்லி வெளியிட்டார். அவருக்கும் நண்பர்கள் அதிகம் சேரவில்லை. கே.பி. என்பது ஹீலாதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. குரல்வளைப் புற்று என்று விற்கப்பட்ட ஹெப்-2 வரிசையும் அப்படியே. இன்று தவறான அடையாளமுள்ள செல் வரிசைகளுக்கென ஒரு பன்னாட்டுக் குழு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 500க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான். முந்தைய கட்டுரைகள் கே.பி.யைப் பயன்படுத்தியிருந்தன, அவற்றுக்கு முந்தையவையும் அப்படியே. வாய்ப் புற்று என்று ஆய்வேட்டில் எழுதிக் கே.பி. வாங்குவது பழகிப்போன பாதை. அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

வெளிப்பட்ட விதம்

மாணவி ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருந்தார். மதிப்பீட்டாளர் ஒருவர், 'வாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தார். அவர் கண்ணியமானவர் என்று இப்போது நினைக்கிறேன். 'உங்கள் செல் போலி' என்று முகத்தில் அடிக்காமல், அதைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கையில் கொடுத்திருக்கிறார். மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையைச் செய்து பார்த்ததில் 18ஆம் வகை வைரஸுக்கான கோடு பளிச்சென்று தெரிந்தது.

மாணவிக்கு முதலில் மகிழ்ச்சி. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று வழிகாட்டியும் நினைத்தார். வைரஸால் வரும் தொண்டைப் புற்றில் பெரும்பாலும் 16ஆம் வகைதான் இருக்கும்; கன்னத்துப் புற்றில் வைரஸின் பங்கே குறைவு. அப்படியிருக்க 18 எங்கிருந்து வந்தது? 'ஹீலாவில் இருப்பது 18தானே, சார்' என்று மாணவிதான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

செல்களை எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்பினார்கள். நீதிமன்றத்தில் குழந்தையின் தகப்பன் யார் என்று பார்க்கப் பயன்படும் அதே வகைச் சோதனை. மரபணுவில் குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு துணுக்கு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணி, அந்த எண்களைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது. 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் ஒரே மூலம் என்று கொள்வார்கள். வந்த தாளில் பொருந்திய பெயர் ஹீலா. செலவைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது: இரண்டரை ஆண்டுகளில் சீரத்துக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.

நான்காம் அத்தியாயம்

செல் எதுவானால் என்ன, புற்று புற்றுதானே, சாறு கொன்றதா இல்லையா என்பதுதானே கேள்வி என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அதற்குப் பதில் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது.

அந்த அத்தியாயத்தின் கண்டுபிடிப்பு: சாறு பட்டதும் செல்களில் பி53 புரதம் கூடுகிறது, செல்கள் தாமே மடிகின்றன. படம் அழகாக இருந்தது. நாங்கள் எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அது.

பி53 ஒரு காவலாளி. மரபணுவில் சேதம் ஏற்பட்டால் செல்லின் பெருக்கத்தை நிறுத்துவான். சேதம் மீறிப்போனால் செல்லை மடியச் செய்வான். ஹீலாவில் இந்தக் காவலாளிக்கான மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் வைரஸின் ஈ6 என்ற புரதம் அவனைத் தயாரான மறுநிமிடமே பிடித்துக்கொண்டுபோய்ச் சிதைத்துவிடுகிறது. ஆகவே ஈ6ஐ லேசாகத் தடுத்தால் போதும், நல்ல காவலாளி மறுபடியும் வாசலுக்கு வந்துவிடுவான். சாறு செய்தது அதுவாக இருக்கலாம்.

ஆச்சியின் கன்னத்தில் கதையே வேறு. அங்கே வைரஸ் இல்லை, மரபணுவிலேயே பழுது. மாணவி ஆச்சி சிகிச்சைக்கு வந்த மருத்துவமனையின் நோயியல் துறைக்குப் போய், ஆச்சியின் சதைச் சீவலில் பி53க்குச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தார். நானும் உடன் போயிருந்தேன். புற்றுச் செல்களின் உட்கருக்கள் ஒன்றுவிடாமல் அடர்பழுப்பு. பக்கத்தில் இருந்த நல்ல தோலடுக்கில் அடியில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர்ப் புள்ளி. பழுதான பி53 சிதையாமல் குவிந்துவிடும். அதனால்தான் அவ்வளவு கருமை. காவலாளிகள் வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள், ஒருவனுக்கும் வேலை தெரியாது. இந்தக் கூட்டத்தை இன்னும் கூட்டுகிறேன் என்று ஒரு மருந்து வந்தால் ஆச்சிக்கு அதனால் என்ன பயன்?

நண்பரின் கேள்விக்கு இதுதான் பதில். செல் செத்ததா என்பது மட்டும் போதாது. எந்த வழியில் செத்தது, அந்த வழி நோயாளியின் கட்டியில் திறந்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும்.

ஊதா நிறம்

பெயர்க் குழப்பம் தெரிந்த பிறகு மாணவிக்கு எல்லாவற்றின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. அது நல்லதுதான். எம்.டி.டி. சோதனையையே முதலில் பிரித்துப் பார்த்தார்.

96 குழிகள் உள்ள தட்டில் செல்களை விதைத்து, மருந்து விட்டு, பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் கரைசலைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று கணக்கு. ஒரு மாலையில் மாணவி செல்லே விதைக்காத குழிகளில் ஊட்டத் திரவத்தையும் சாற்றையும் மட்டும் விட்டு எம்.டி.டி. சேர்த்து வைத்தார். நான்கு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த வெற்றுக் குழிகளிலும் ஊதா. சாற்றில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் தாங்களாகவே அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடுகின்றன. உயிரில்லாத குழி உயிரோடு இருப்பதாகத் தட்டு சொல்கிறது. அவருடைய முந்தைய எண்களில் எவ்வளவு செல்லின் நிறம், எவ்வளவு செடியின் நிறம் என்று பிரிக்க வழியில்லை. மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் எந்த ஆய்வகமும் முதல் நாளிலேயே வைக்க வேண்டிய வெற்றுக் குழி அது. நாங்கள் மூன்றாம் ஆண்டில் வைத்தோம்.

அளவுக் கணக்கும் பார்த்தோம். பாதிச் செல்களைக் கொல்ல ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சாறு தேவை என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக் கட்டுரைகளில் சாதாரணமாகப் பார்க்கும் எண்தான். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் இருக்கிறது. அது முழுக்க அந்த அடர்த்தி வர வேண்டுமானால் 2 கிராம் சாறு, சாறாக வடித்துக் காய்ச்சி உலர்த்திய பிறகு 2 கிராம், குடலில் ஒரு துளிகூட வீணாகாமல், ஈரல் தொடாமல், சிறுநீரகம் வெளியேற்றாமல் உடலெங்கும் நிற்க வேண்டும். அப்படி நிற்காது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. தட்டில் எத்தனையோ புற்றுச் செல்களைக் கொன்றிருக்கிறது. வாய்வழியாகக் கிராம் கணக்கில் கொடுத்தும் ரத்தத்தில் அந்த அடர்த்திக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

இன்னொன்று. மாணவி பயன்படுத்திய ஊட்டத் திரவத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். நம் ஊர் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் சொன்னால் சர்க்கரை 450. அந்த அளவோடு ஒருவர் போனால் டாக்டர் வீட்டுக்கு அனுப்பமாட்டார். புற்றுச் செல்களோ ஆண்டுக்கணக்கில் அதிலேயே மிதக்கின்றன. காற்றும் அப்படித்தான், கட்டியின் உள்ளே கிடைப்பதைப்போலப் பல மடங்கு ஆக்சிஜன் இன்குபேட்டரில் கிடைக்கிறது. பக்கத்தில் ரத்தக் குழாய் இல்லை, நார்த்திசு இல்லை, துரத்தும் வெள்ளணு இல்லை. வேண்டிய தீனி, வேண்டிய காற்று, எதிரி யாருமில்லை. இப்படி வளர்ந்த செல் ஆச்சியின் கன்னத்தில் இறுகிப்போன சதைக்குள் நெருக்கியடித்து வாழும் செல்லைப்போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய ஆசை.

சொந்தச் செல்

குழு கூடி, நாக்குப் புற்றிலிருந்து வந்த கால் 27 என்ற வரிசையை வாங்கச் சொன்னோம். அதில் பி53 மரபணுவிலேயே பழுது உண்டு, வைரஸ் கிடையாது. கன்னம் அல்ல, நாக்கு. நோயாளி பிரான்சைச் சேர்ந்தவர், வெற்றிலை போடாதவர் என்று தாராளமாக ஊகிக்கலாம். ஆனாலும் ஹீலாவைவிட எவ்வளவோ மேல். ஒப்பிட, நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நல்ல செல்களையும் மாணவி வைத்தார். இந்த முறை செல்களை எம்.டி.டி.யை நம்பாமல் நேரடியாக எண்ணினார். சாறு கால் 27ஐத் தொடும் அளவில் நல்ல செல்களையும் தொட்டது. பி53 அசையவில்லை. நான்காம் அத்தியாயம் போயேவிட்டது.

பிறகு மாணவிக்கு ஒரு பிடிவாதம் வந்தது: நம் ஊர் நோயாளியின் கட்டியிலிருந்தே செல் வளர்ப்பது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஆச்சியிடம் வாசித்துக் காட்டினார். 'என் சதையைக் கொண்டுபோய் என்ன செய்வாய் தாயி?' என்று ஆச்சி கேட்டார். 'வளர்த்துப் பார்ப்பேன் ஆச்சி. வளர்ந்தால் அதில் மருந்தைச் சோதிக்கலாம்.' 'அது வளர்ந்துதானே என் வாய் இப்படி இருக்கிறது. அதையா வளர்ப்பாய்?' மகள் சிரித்துவிட்டார். ஆச்சி கைநாட்டு வைத்தார். ஹென்ரியட்டா லாக்ஸிடம் யாரும் இந்த ஐந்து வாக்கியம் பேசவில்லை. அவருடைய குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது 1970களில்தான். ஒரு நிறுவனத்தோடு வழக்கு சமரசமானது 2023இல்.

ஆச்சி உட்பட ஐந்து நோயாளிகளின் சதைத் துண்டுகள் வந்தன. வாய் கிருமிகளின் சந்தை. எத்தனை முறை ஆண்டிபயாட்டிக் நீரில் அலசினாலும் இரண்டு குடுவைகள் மூன்றாம் நாளே கலங்கிப்போயின. ஒன்றில் பூஞ்சை. இன்னொன்றில் ஃபைப்ரோபிளாஸ்டுகள் நெற்பயிருக்கு நடுவே கோரை மண்டுவதுபோல மண்டி, புற்றுச் செல்களை மூடிவிட்டன. ஒரே ஒன்றில், அது ஆச்சியுடையது, கூழாங்கற்கள் அடுக்கியதுபோலச் சிறு திட்டாகப் புற்றுச் செல்கள் ஒட்டி, மூன்று வாரம் மெல்லப் பரவின. பிறகு பரவுவது நின்றது. தட்டையாகி, குமிழ் வைத்து, உதிர்ந்தன.

அந்த மூன்று வாரத்தில் மாணவி கற்றது இரண்டரை ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதரைத் தின்று தீர்க்கும் புற்று, குடுவையில் சோறு ஊட்டினாலும் வளர மறுக்கிறது. அப்படியானால் குடுவையில் வளர்ந்து, உறைந்து, விற்பனைக்கு வந்திருக்கும் வரிசைகள் யார்? பிளாஸ்டிக்கில் வாழத் தெரிந்த விதிவிலக்குகள். நோயாளிகளில் பெரும்பாலோரின் கட்டி அந்தத் தேர்வில் உட்காரவேயில்லை. மும்பையில் இந்திய நோயாளிகளிடமிருந்து ஏ.டபிள்யூ. 13516 போன்ற வாய்ப்புற்று வரிசைகளை நிறுவியவர்கள்மேல் எனக்கு இப்போதுதான் முழு மரியாதை வந்தது.

மற்றவர்கள் பட்டது

எங்கள் நிகழ்வு சிறியது. பெரிய ஆய்வகங்களும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கின்றன. மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் நம்பப்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 மெலனோமா என்ற தோல் புற்றின் வரிசை ஒன்றோடு ஒத்துப்போனது. 2013இல் 47 சினைப்பைப் புற்று வரிசைகளை உண்மையான நோயாளிகளின் கட்டிகளோடு மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் அடிபட்ட எஸ்.கே.-ஓ.வி.-3, ஏ2780 ஆகிய இரண்டும், அந்த நோயின் மிகப் பரவலான கொடிய வகைக்கு மிகவும் பொருந்தாதவற்றில் இருந்தன. யாரும் அதிகம் தொடாத குராமோச்சி போன்ற வரிசைகள்தான் நெருக்கமாக இருந்தன. அந்தப் பிரபலமான இரண்டில் பெயர் மாறாட்டம் எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குப்பியில் இருப்பது சரியான உறுப்பு, தவறான நோய்.

பெயரும் நோயும் சரியாக இருந்தாலும் பிரச்சினை தீரவில்லை. எம்.சி.எஃப்.-7, 1970இல் மார்பகப் புற்று முற்றிய ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தது. 2018இல் அதன் 27 கிளைகளை வெவ்வேறு இடங்களிலிருந்து வரவழைத்து 321 வேதிப்பொருள்களைச் சோதித்தார்கள். சில கிளைகளைக் கடுமையாகத் தாக்கிய பொருள்களில் குறைந்தது முக்கால்வாசி, வேறு சில கிளைகளில் ஒன்றுமே செய்யவில்லை. ஒரே தாயின் பிள்ளைகள், ஆய்வகம் மாறியதில் இப்படிப் பிரிந்துவிட்டார்கள். பாசேஜ் எண்ணைக் குறித்துவைக்காத குறிப்பேட்டை நான் இனிமேல் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் செல் வரிசைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மாணவி சோர்ந்து கேட்டார். கூடாது. அதே எம்.சி.எஃப்.-7தான் ஈஸ்ட்ரஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைப் பற்றியும் மார்பகப் புற்று மருந்தான டாமாக்சிஃபென் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியும் நமக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. கேள்வி சரியாக இருந்தது. அந்த ஏற்பி உண்மையாகவே அந்தச் செல்லில் இருந்தது.

எனக்கு இன்னும் பிடித்த எடுத்துக்காட்டு பி-ராஃப். அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட சடுதிமாற்றம் கொண்ட மெலனோமாவை வெமுராஃபெனிப் என்ற மருந்து சுருக்கியது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே சடுதிமாற்றம் பெருங்குடல் புற்றிலும் உண்டு. அங்கே கொடுத்தார்கள், பெரும்பாலோருக்குப் பலனில்லை. காரணத்தை 2012இல் கண்டுபிடித்துக் கொடுத்தவை பெருங்குடல் புற்றின் செல் வரிசைகளேதான். பி-ராஃபை அடைத்தவுடன் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இன்னொரு கதவு திறந்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து அடைக்கும் சிகிச்சை பின்னால் வந்தது. 'இந்த மருந்து புற்றைக் குணமாக்குமா?' என்று கேட்டால் தட்டு எதையாவது சொல்லி ஏமாற்றும். 'இந்தக் கதவை அடைத்தால் எந்தக் கதவு திறக்கிறது?' என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

நித்தியகல்யாணியை இங்கே சொல்லாமல் விட்டால் நம் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். நமது தென்மாவட்டங்களின் வறண்ட செம்மண்ணில் பயிரிட்டு ஏற்றுமதியாகும் செடி. சுடுகாட்டுப் பூ என்று வீட்டில் வைக்க மறுப்பவர்களும் உண்டு. வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்று மருந்துகள் அதில்தான் இருக்கின்றன. 'அதுவும் செடிதானே, பிறகு ஏன் எங்கள் செடியைச் சந்தேகப்படுகிறீர்கள்?' என்று வழிகாட்டி ஒருமுறை என்னிடம் மடக்கினார். கனடாவில் நோபிள், பியர் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிவதைப் பார்த்துவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. உயிருள்ள உடலில், ஈரலும் சிறுநீரகமும் ரத்தமும் இருக்கும் இடத்தில் தெரிந்த விளைவு அது. அங்கிருந்து சேர்மத்தைப் பிரித்துச் செல்லுக்கு வந்தார்கள். நாம் செல்லிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம்.

முடிவு

ஆய்வேடு நின்றுபோகவில்லை. மாணவி தலைப்பை மாற்றக் கேட்டார். வழிகாட்டிக்கு மனமில்லை, அவருடைய நிலையும் புரிகிறது, ஏற்கெனவே வெளிவந்த கட்டுரை ஒன்று இருந்தது. மூன்று கூட்டங்கள் நடந்தன. இரண்டாவதில் குரல் உயர்ந்தது. உயர்த்தியவர்களில் நானும் உண்டு. கடைசியில் 'வாய்ப் புற்று' என்ற சொல் தலைப்பிலிருந்து நீங்கியது. ஹீலாவில் ஈ6ஐயும் பி53ஐயும் அந்தச் சாறு என்ன செய்கிறது என்பது ஆய்வின் பொருளானது. பழைய தரவில் பாதி அப்படியே பயன்பட்டது, ஏனென்றால் கருப்பை வாய்ப் புற்றுக்கு ஹீலா பொருத்தமான செல்தான். எம்.டி.டி. எண்கள் முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடியும் செய்தார். வெளிவந்த கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பினார்கள். கால் 27இல் சாறு தோற்றதை ஓர் அத்தியாயமாகவே சேர்த்தார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் கேட்டது அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான்.

ஆச்சிக்கு அறுவை சிகிச்சையும் அதன்பின் கதிர்வீச்சும் முடிந்தன. மறுபரிசோதனைக்கு வந்தபோது வராந்தாவில் மாணவியைப் பார்த்துவிட்டு, சைகையால் கன்னத்தைக் காட்டி, அது வளர்ந்ததா என்று கேட்டார். மூன்று வாரம் இருந்தது ஆச்சி, பிறகு இறந்துவிட்டது என்றார் மாணவி. ஆச்சி தலையாட்டிக்கொண்டார், அவருக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

ஊருக்குப் போகும் முன் மாணவி திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்த தம் குப்பிகளைக் கணக்கெடுத்தார். 'கே.பி. – வாய்' என்ற பழைய எழுத்தை அவர் அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'ஹீலா' என்று எழுதி, தேதியும் பாசேஜ் எண்ணும் போட்டார். அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமே என்றேன். 'வேண்டாம் சார், அடுத்து வருகிறவர் கேள்வி கேட்கட்டும்' என்று மூடியை இறுக்கினார்.